விதை அவரை வெந்த நாள்

பெரியப்பாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. நிபந்தனை போடுவார், போட்ட கையோடு படுத்துத் தூங்கிவிடுவார். கேட்டவர்கள்தான் கொட்டக் கொட்ட விழித்துக் கிடக்க வேண்டும்.

சென்ற வாரம் சாப்பாட்டு மேசையில் அவர் போட்டதும் அப்படி ஒன்றுதான்.

"அம்மாவோட அவரை அந்த மண்ணுல இருக்கிற வரைக்கும் நிலம் உன் பொறுப்பு, வாண்டு. வேற எதையாவது போடறதா இருந்தா, நிலத்தைக் கேட்டுக்கிட்டே இருக்கிற நர்சரிக்காரருக்கே குத்தகைக்கு விட்டுடலாம். ஞாயித்துக்கிழமை நான் கிளம்பறதுக்குள்ள விதைக்கறதைக் கண்ணால பாத்துடணும்."

சொல்லி முடித்ததும் குறட்டை. மனிதர் காலமெல்லாம் ஸ்டேஷன் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். கொடியைக் காட்டிவிட்டால் அவர் வேலை முடிந்தது. வண்டி போய்ச் சேர்ந்ததா, தடம் புரண்டதா என்பதெல்லாம் அடுத்த ஸ்டேஷன்காரர் கவலை.

அடுத்த ஸ்டேஷன் வாண்டு. வாண்டு என்றதும் சின்னப் பெண் என்று நினைத்துவிட வேண்டாம். வயது முப்பத்திரண்டு. கொட்டகைக்குள் குனிந்துதான் நுழைவாள். பாட்டி வைத்த பட்டப்பெயர், பாட்டி போன பிறகும் போகவில்லை. அப்பா அம்மாவைச் சிறுவயதிலேயே இழந்தவளைப் பாட்டிதான் வளர்த்தாள். வளர்த்தாள் என்பதைவிட, வயலுக்குக் கூட்டிப் போனாள் என்று சொல்வது சரியாக இருக்கும். போன அறுவடை முடிந்த கையோடு பாட்டி கண்ணை மூடியதிலிருந்து வாண்டு தனியாகத்தான் வயலுக்குப் போய்க்கொண்டிருக்கிறாள்.

பெரியப்பாவின் நிபந்தனையைக் கேட்டு அவளுக்குக் கோபம் வந்ததே தவிர, பயம் வரவில்லை. மழை பெய்திருந்தது. மண் பதமாக இருந்தது. விதை அடுப்படியில், மேல் தட்டில், பெரிய தகர டப்பாவில் இருந்தது. பயப்பட என்ன இருக்கிறது?

அந்த அவரையைப் பற்றி ஒரு வார்த்தை. கருஞ்சிவப்பு நிறம், முதுகில் வெள்ளைக் கோடு. அந்தச் சுற்று வட்டாரத்தில் வேறு யாரிடமும் கிடையாது. ஊரே பாட்டியை அவரைக்காரம்மா என்றுதான் அழைத்தது. எத்தனையோ பேர் விதை கேட்டு வந்திருக்கிறார்கள். "பொண்ணு குடுன்னு கேளு, யோசிக்கறேன். விதை குடுன்னு மட்டும் கேக்காதே" என்று வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவாள்.

இன்று பாட்டியின் நினைவுக் கூட்டம். நாளை ஞாயிறு, விதைப்பு. அதனால் வாண்டு விடிவதற்கு முன்பே வயலுக்குப் போய்விட்டாள். கொடி ஏறுவதற்குக் கம்புகளை நட்டு, குழிகளை எடுத்து, எருவும் போட்டு வைத்துவிட்டு, வெயில் ஏறிய பிறகுதான் வீடு திரும்பினாள். முற்றத்தில் வாடகை நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. பாட்டியின் படத்துக்கு ஒரு மேசையும் வந்திருந்தது.

பின்பக்கச் சுவரின் மேல் ஏதோ பளபளத்தது. வாண்டு கிட்டே போய்ப் பார்த்தாள்.

தகர டப்பா. நன்றாகத் தேய்த்துக் கழுவி, வெயிலில் கவிழ்த்து வைத்திருந்தது.

அடுப்படியில் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றிருந்தாள். பாட்டியின் ஒரே மகள். பக்கத்து நகரத்தில் தையல் கடை. மூன்று பைகளோடு வந்து இறங்கியதிலிருந்து அந்த வீட்டில் அவள் துடைக்காத இடமில்லை. பல்லிகூடப் பயந்துபோய் வெளியே குடியேறிவிட்டது.

"அத்தை, அந்த டப்பா…"

"நல்லா இருக்கில்ல? துரு கிருன்னு ஒண்ணுமே இல்ல. சாம்பல் போட்டுத் தேச்சேன்."

"உள்ள இருந்தது?"

"அடுப்புல இருக்கு."

வாண்டு மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. பானை நிறைய அவரை. தோல் வெடித்து, வெளுத்து, வெங்காயத்தோடும் மிளகோடும் நிதானமாகக் கொதித்துக்கொண்டிருந்தது.

"நேத்து ராத்திரியே ஊற வச்சுட்டேன். வேகறதுக்குத்தான் நேரமாகுது. என்ன அவரையோ, கல்லு மாதிரி."

"அத்தை, அது விதை."

"என்ன விதை?"

"பாட்டியோட விதை. நாளைக்கு ஊன்றதுக்கு வச்சிருந்த விதை."

அத்தை கரண்டியைப் பானையின் குறுக்கே வைத்தாள். பானைக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு எப்படித் தெரியும்? மேல எழுதியா ஒட்டியிருந்தது? அடுப்படியில, சக்கரை டப்பாவுக்குப் பக்கத்துல இருந்தா திங்கற சாமான்னுதான் நெனைப்பாங்க."

நியாயமான பேச்சுதான். அதனாலேயே வாண்டுக்கு எரிச்சல் இரண்டு மடங்கானது. கொட்டகையில் எலித் தொல்லை என்று பாட்டி அதை அடுப்படியில் வைத்தாள். கிழவி வைத்த இடத்தை மாற்ற வேண்டாம் என்று வாண்டு அப்படியே விட்டாள். ஒருத்தி எலிக்குப் பயந்தாள், இன்னொருத்தி மரியாதைக்குப் பயந்தாள். நடுவில் அத்தை ஒருத்தி உண்டு என்பதை இருவருமே நினைத்துப் பார்க்கவில்லை.

"நீங்க இந்த வீட்டுலதான பொறந்தீங்க?"

"பொறந்தேன். அதுக்காக ஒவ்வொரு டப்பாவையும் மனப்பாடம் பண்ணிட்டா கல்யாணமாகிப் போனேன்?"

வாண்டு ஒரு விதையைக் கையில் எடுத்து நசுக்கினாள். தோல் வழுக்கிக்கொண்டு வந்தது. உள்ளே வெறும் மாவு. விதை நெல்லைக் குத்தித் தின்ற கதை என்று மற்றவர்களைப் பார்த்துச் சிரித்துச் சொல்லியிருக்கிறாள். தானே அந்தக் கதையில் ஆளாக நிற்பது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரிந்ததில்லை. மேல் தட்டில் கைவிட்டுத் துழாவினாள். தட்டின் மூலைகளில், கோணிகளின் தையலில், முறத்தின் இடுக்கில் எல்லாம் தேடினாள். மூலைக்கு மூலை அத்தை துடைத்த சுத்தம். வீட்டுச் செலவுக்கு வைத்திருந்ததும் போன மாதமே தீர்ந்துவிட்டது. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"இப்படியா சுத்தம் பண்ணுவாங்க? ஒரு வீட்டுல கொஞ்சம் அழுக்கு இருந்தாத்தான் என்ன?"

"கத்தாதே. அண்ணா வர்றார்."

பெரியப்பா சலவை மடிப்புக் கலையாத சட்டையில் உள்ளே வந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"அட, அவரையா? அம்மா ஞாபகமா செஞ்சிருக்கியாம்மா? நல்ல யோசனை. கடையில வாங்கினதா?"

"ம்" என்றாள் அத்தை.

"வாண்டு, நீ என்ன இன்னும் சேத்துக் காலோட நிக்கற? போய்க் குளி. ஆளுங்க வந்தாச்சு."

வாண்டு வாயைத் திறந்தாள். சொல்லியிருக்கலாம். சொன்னால், பெரியப்பா ஒரு நிமிடம் வருத்தப்படுவார், மறு நிமிடம் நர்சரிக்காரருக்குப் போன் போடுவார். பாட்டியின் அவரை போய்விட்டதென்றால் நிலத்தில் எது வளர்ந்தால் அவருக்கு என்ன? திறந்த வாயை மூடிக்கொண்டு குளிக்கப் போனாள்.

கூட்டத்துக்கு நினைத்ததைவிட நிறையப் பேர் வந்துவிட்டார்கள். நாற்காலி போதாமல் சிலர் சுவரோரம் நின்றார்கள். சந்தையில் தராசு பிடிப்பவர் வந்திருந்தார். இரும்புக் கடைக்காரர் வந்திருந்தார். பாட்டியிடம் விதை கேட்டுத் திட்டு வாங்கியவர்கள் அத்தனை பேரும் தவறாமல் வந்திருந்தார்கள்.

பெரியப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்க அம்மா ஒருத்தரையும் ஒரு வார்த்தை கடிஞ்சு பேசினதில்ல."

சுவரோரம் யாருக்கோ புரையேறியது. பாட்டி களையைக்கூடத் தாய் தகப்பன் பெயர் சொல்லித் திட்டிவிட்டுத்தான் பிடுங்குவாள். தாத்தாவின் பழைய பூட்ஸுக்குள் துணியை அடைத்துப் போட்டுக்கொண்டு அவள் வயலில் இறங்கினால், அந்தச் சத்தத்துக்கே பக்கத்து வயல்காரர்கள் வேலை செய்வதுபோலப் பாவனை பண்ணுவார்கள். ஒரு வருடம் ஆலங்கட்டி மழையில் கொடி முழுவதும் நாசமானது. பாட்டி வெளியே வந்து பார்த்தாள். உள்ளே போய் வயிறு நிறையச் சாப்பிட்டாள். தூங்கி எழுந்து மறுநாள் மறுபடி குழி வெட்டினாள். அழுதுகொண்டிருந்த வாண்டிடம், "கண்ணீர் விட்டா முளைக்குமா? தண்ணி விடு" என்று குடத்தைக் கொடுத்தாள். வாண்டுக்குப் பாட்டி என்றால் அதுதான். இவர் பேசுவது யாரைப் பற்றி என்றே தெரியவில்லை.

"தன் வாய்க்குப் போடாம எங்க வாய்க்குப் போட்டு வளத்தாங்க. நல்லது எல்லாத்தையும் பிள்ளைங்களுக்குன்னு ஒதுக்கி வச்சாங்க."

அடுப்படியில் பானை மூடி ஒன்று கீழே விழுந்து, சுற்றிச் சுற்றி, வெகுநேரம் கழித்து அடங்கியது. பெரியப்பா அது அடங்கும்வரை பொறுமையாகக் காத்திருந்தார். ரயில் கடந்து போகும்வரை அறிவிப்பை நிறுத்தி வைப்பது அவருக்குப் பழக்கம்தான்.

"அம்மா விதைச்சதைத்தான் நாம இன்னைக்கும் சாப்பிட்டுக்கிட்டிருக்கோம்" என்று உருக்கமாக முடித்தார். இவ்வளவு சரியாக அவர் வாழ்நாளில் பேசியதில்லை என்பது வாண்டுக்கும் அத்தைக்கும் மட்டுமே தெரியும்.

பந்தி ஆரம்பித்தது. அத்தை தட்டுத் தட்டாக அவரையைப் பரிமாறினாள். வாண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டே போனாள். ஒவ்வொரு கரண்டிக்கும் எத்தனை குழி என்று மனம் தன்பாட்டில் கணக்குப் போட்டது. வேண்டாம் என்று தலையை உதறினாலும் நிற்கவில்லை.

"அடேயப்பா, என்ன ருசி. வெண்ணெய் மாதிரி கரையுது" என்றார் தராசுக்காரர். "இன்னும் கொஞ்சம் போடும்மா."

அத்தை போட்டாள். வாண்டு பல்லைக் கடித்தாள்.

"அவரைக்காரம்மா என்னை மண்வெட்டியோட துரத்தியிருக்காங்க" என்றார் இரும்புக் கடைக்காரர், ஏதோ பதக்கம் வாங்கியதுபோல. "நான் வித்த மண்வெட்டியாலேயே."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பில் அன்பு இருந்தது. ஊருக்கு அந்தக் கிழவியைப் பிடிக்கும், அதில் பொய்யில்லை.

"அதென்ன பெரிசு? பொண்ணு கல்யாணத்துக்கே சாப்பாட்டுக்கு நிக்கலையே. கொடி கட்டணும்னு பாதியில கிளம்பிட்டாங்க. சேத்துக் காலோட வந்தாங்க, சேத்துக் காலோட போனாங்க. அந்த மாதிரி ஒரு உழைப்பாளியை இனிமே எங்க பாக்கப்போறோம்?" என்றார் தராசுக்காரர்.

மறுபடி சிரிப்பு. அந்தப் பெண் கையில் கரண்டியோடு அவருக்கு எதிரேதான் நின்றிருந்தாள். அத்தை சிரிக்கவுமில்லை, கோபப்படவுமில்லை. அவர் தட்டில் ஒரு கரண்டி வைத்துவிட்டு அடுத்தவரிடம் போனாள்.

பெரியப்பா மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். "கடை அவரைன்னாலும் நல்லாத்தான் இருக்கு. ஆனா அம்மாவோடது வேற ருசி" என்று தீர்ப்பும் சொன்னார். வாண்டுக்குத் தண்ணீர்ச் சொம்பை அவர் தலையில் கவிழ்க்கலாம்போல இருந்தது.

எல்லோரும் போய், நாற்காலிகளும் போய், பெரியப்பா முன்னறையில் சாய்ந்துகொண்ட பிறகு வாண்டு அடுப்படிக்கு வந்தாள். இனிமேலும் அடக்க அவளால் முடியாது. அத்தையை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்டுவிடுவது என்றுதான் வந்தாள்.

அத்தை தரையில் கால் நீட்டி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். தட்டில் வேறெதுவும் இல்லை. அவரை மட்டும், குவியலாக. ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் புரட்டிப் பார்த்து, வாயில் போட்டு, மெதுவாக மென்றாள். வாண்டு வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

"ஒண்ணுகூடச் சொத்தை இல்லடி" என்றாள்.

"விதைக்குன்னு பொறுக்கி வச்சதுல சொத்தை எப்படி இருக்கும்?"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"அது எந்த டப்பான்னு தெரியும். எனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? நான் சின்னப் பொண்ணா இருக்கிறப்பவும் அதே டப்பாதான், அதே தட்டுதான்."

அத்தை இன்னொரு அவரையை எடுத்துப் புரட்டினாள்.

"உங்க பாட்டி முறத்தை எடுத்து வச்சுக்கிட்டு உக்காருவா. திரட்சியா இருக்கிறது விதைக்கு. சுமாரா இருக்கிறது சந்தைக்கு. ஓட்டை விழுந்தது, சுருங்கினது, புழு அரிச்சது வீட்டுக்கு. தினமும் நான்தான் புழு பொறுக்குவேன். பொறுக்கி முடிச்சா பாதிதான் மிஞ்சும், அதுதான் அண்ணா, உங்கப்பா, நான், மூணு பேருக்கும். ஒரு நாள், ஒரே ஒரு நாள், நல்லதுல ஒரு பிடி வேகவையேம்மான்னு கேட்டேன். எனக்குப் பிறந்த நாள். 'தின்னா ஒரு நாள், விதைச்சா ஒரு வருஷம்'னா. சரியாத்தான் சொன்னா. அவ எப்பவும் சரியாத்தான் சொல்லுவா. அதான் எனக்குத் தாங்கல."

"அதனால?"

"அதனால என்ன? நேத்து ராத்திரி டப்பாவை இறக்கினேன். துடைக்கத்தான் இறக்கினேன், சத்தியமா. தொறந்து பாத்தா, அப்படியே மணி மணியா… ஒரு பிடிதான் எடுக்கலாம்னு நெனச்சேன். அப்புறம் டப்பாவையே கவுத்துட்டேன்."

வாண்டுக்கு அத்தைக்காக வருத்தமாக இருந்தது. அதைவிட அதிகமாக ஆத்திரமாக இருந்தது.

"பாட்டி மேல கோபம்னா பாட்டிகிட்ட காட்டியிருக்கணும் அத்தை. நீங்க தின்னது பாட்டியை இல்ல. என் வயலை."

"ஆமா" என்றாள் அத்தை. "அவ உயிரோட இருந்தப்போ எனக்குத் தைரியம் வரல. அதுக்கு நீ அகப்பட்டுக்கிட்ட. தப்புதான்."

திட்ட வந்தவளிடம் தப்புதான் என்று ஒப்புக்கொண்டுவிட்டால் அவள் என்னதான் செய்வாள்? அந்த நேரம் பார்த்துத்தான் பெரியப்பா நிலைப்படியில் வந்து நின்றார்.

"வாண்டு, காலையில நர்சரிக்காரர் இந்தப் பக்கம் வர்றாராம். என்ன சொல்லட்டும்? நாளைக்கு விதைப்பு உண்டா, இல்லையா?"

இதுதான் நேரம். வாண்டு அத்தையைப் பார்த்தாள். நீங்களே சொல்லுங்கள், உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்று பார்த்தாள்.

அத்தை எழுந்து நின்றாள்.

"உண்டு அண்ணா. நானும் வயலுக்குப் போறேன். நர்சரிக்காரரை வேற இடம் பாக்கச் சொல்லிடுங்க."

"நீயா? வயலுக்கா?" பெரியப்பா அதிசயமாகப் பார்த்தார். கல்யாணமாகிப் போனதிலிருந்து அந்த வரப்பில் கால் வைக்கமாட்டேன் என்று சபதம் போட்டவள் அத்தை. "அம்மா இருந்திருந்தா எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பாங்க. நானும் வர்றேன். அம்மாவோட விதையை நான் என் கையாலயே முதல்ல போடறேன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டே போனார். வாண்டு அவர் போகும்வரை பொறுத்தாள். பிறகு அத்தையின் பக்கம் திரும்பினாள்.

"எதை அத்தை? எதைப் போடப்போறோம்? அவர் கையில நான் எதைக் குடுக்கட்டும்?"

"தெரியலடி."

"தெரியாமயா உண்டுன்னு சொன்னீங்க?"

"இல்லைன்னு சொன்னா இன்னைக்கே உன் நிலம் போயிடும். உண்டுன்னா விடியற வரைக்கும் இருக்கும். அதுவரைக்கும் யோசிக்கலாம்." அத்தை தட்டை நீட்டினாள். "காலையிலேருந்து நீ ஒரு வாய்கூடச் சாப்பிடல. சாப்பிட்டுட்டு யோசி."

"எனக்கு வேண்டாம். என்னால முடியாது."

"நீ எப்பவாவது இதைச் சாப்பிட்டிருக்கியா?"

"தினமும்தான் சாப்பிட்டேன். பாட்டி வீட்டுல வேற என்ன…"

வாண்டு பாதியில் நிறுத்தினாள். தினமும்தான் சாப்பிட்டாள். பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, செல்லம் கொஞ்சி, கதை சொல்லி ஊட்டியிருக்கிறாள். கருப்புப் புள்ளி விழுந்ததை, பாதி அரித்ததை. இவளும் பொறுக்கியிருக்கிறாள், புழுவை எடுத்துக் கோழிக்குப் போட்டிருக்கிறாள். அது ஒரு விளையாட்டு என்றே இத்தனை நாள் நினைத்திருந்தாள்.

அத்தை தட்டை நீட்டியபடியே நின்றாள்.

வாண்டு ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். கோபத்தோடு மென்றாள். அத்தையைத் திட்டுவதற்கு வார்த்தை தேடிக்கொண்டே இன்னொன்றை எடுத்தாள். ருசியாக இருந்தது. பாட்டியின் அவரை இவ்வளவு ருசி என்று ஊருக்கே இன்று தெரிந்துவிட்டது. அவளுக்கும் இன்றுதான் தெரிந்தது. சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்து, யாரை நினைத்து அழுகிறோம் என்று தெரியாமல் அழுதுகொண்டே, தட்டில் இருந்த மிச்ச விதையையும் அவள் சாப்பிட்டு முடித்தாள்.